நாலு செகண்ட் உதடு

அரசு வக்கீல் அந்த வாக்கியத்தை வாசித்தபோது சிகாமணிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தேகம்தான். இதை எங்கேயோ பேசியிருக்கிறோமே என்று தோன்றியது.

"ஆடாம கிட. உன் மூச்சு இப்ப என் கையில."

ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதைப் போல, உணர்ச்சியே இல்லாமல்தான் வக்கீல் வாசித்தார். அப்படியும் பின் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற செவ்வந்தி தலையைத் தலையை ஆட்டினாள். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்ததும், பக்கத்தில் இருந்த பெண் போலீஸ் மேலே கேமராவைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தார். செவ்வந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செவ்வந்தி சிகாமணியின் ஒரே மகள். முப்பத்தொரு வயது. வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். அண்ணா நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ரத்தினசபாபதி என்ற எண்பது வயதுப் பெரியவரைப் பதினோரு மாதமாகக் கவனித்துவந்தாள். பிப்ரவரி பதினொன்றாம் தேதி பகலில் பெரியவர் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் மூன்று விலா எலும்பு உடைந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அலமாரி மேல் ஒரு மலிவான கேமரா வைத்திருந்தான். முகம் தெளிவாகத் தெரிந்தால் நாலு செகண்ட் பதிவு செய்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும் வகை. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியபோது கேமராவைத் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. அதனால் படத்தில் பெரியவர் இல்லை. குனிந்த செவ்வந்தியின் முகமும் தோளும்தான் இருந்தன. தோள் ஏறி இறங்குகிறது. வாய் அசைகிறது. அவ்வளவுதான் படம்.

"தாத்தாவுக்கு இதயம் நின்னுபோச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நெஞ்சை அழுத்தினேன். எண்ணிக்கிட்டே அழுத்தினேன்" என்று அவள் முதல் நாளிலிருந்து சொல்லிவருகிறாள். யார் கேட்டார்கள்?

வீட்டுக்குள் குரல் பதிவு செய்யக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு எல்லாக் கேமராவும் ஊமையாகிவிட்டது. குரல்தானே கூடாது, உதடு கூடாது என்று சட்டத்தில் இல்லையே என்று யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்தார். அப்படிப் பிறந்ததுதான் 'வாய்மை'. ஊமைப் படத்தைக் காட்டினால் அந்த வாய் என்ன பேசியது என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிடும். கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. ஆறே வருடத்தில் ஊர் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. டீக்கடையில் அரசியல் பேசுகிறவர்கள் டம்ளரை வாயிலிருந்து எடுப்பதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் முந்தானையும் துண்டும் முதலில் வாய்க்குத்தான் போகிறது. தெருவில் பிள்ளை அடம்பிடித்து ஏதாவது உளறினால் தாய் சட்டென்று அதன் வாயைப் பொத்துகிறாள்.

சிகாமணியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மீசை அவருடைய குரலுக்குத்தான் இருந்தது, ஆளுக்கு இல்லை. முப்பது வருடம் வடபழனி, சாலிகிராமம் டப்பிங் தியேட்டர்களில் கொலைகாரன், கடத்தல்காரன், ராட்சசன், ஒரே ஒரு முறை டைனோசர் என்று அவர் குரலில் மிரட்டாத ஜீவன் கிடையாது. வெளியே வந்தால் ஆட்டோக்காரர் கொஞ்சம் உரக்கப் பேசினாலும் "சரிங்க, சரிங்க" என்று நடக்க ஆரம்பித்துவிடுவார். குரல்களை மெஷினே செய்துகொள்ள ஆரம்பித்ததும் அந்த வேலை போனது. அவர் அதிகம் புலம்பவில்லை. ஏனென்றால் அடுத்த வருடமே வேறு வேலை வந்தது.

வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு டேப்லெட், ஒரு ஹெட்போன். திரையில் ஒரு வாய் வரும். மூக்குக்கு மேலேயும் முகவாய்க்குக் கீழேயும் எதுவும் தெரியாது. யார், எந்த ஊர், என்ன வழக்கு, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாய்மை எழுதிய வாக்கியம் காதில் ஒலிக்கும். பொருந்துகிறது என்றால் பச்சையைத் தொட வேண்டும், இல்லையென்றால் சிவப்பு. வாழ்நாள் முழுக்க உதட்டைப் பார்த்தே சோறு தின்றவர்கள் என்பதால், டப்பிங் கலைஞர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். வெளியே மூச்சுவிட்டால் ஏழு வருடம் ஜெயில் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். சிகாமணி மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஏதோ ஆடியோ வேலை என்று சொல்லி வைத்திருந்தார்.

கோர்ட் கேன்டீனில் வக்கீல் நூர்ஜஹான் கேஸ் கட்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல சார்? நெஞ்சை அழுத்தினாலும் விலா உடையும், முட்டியால அமுக்கினாலும் உடையும்னு. ரெண்டு பக்கமும் பேசிட்டுக் கிளம்பிட்டார். இப்ப மிச்சம் நிக்கிறது இந்த ஒரு வாக்கியம்தான்."

"மெஷின் தப்பாப் படிச்சிருக்கலாமே மேடம்?"

"மெஷின் மட்டும்னா நான் கிழிச்சிருப்பேன். மனுஷனும் பார்த்து ஓகே பண்ணியிருக்கானே. இங்க பாருங்க."

அவள் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள். செவ்வந்தியின் வாயைப் பெரிதாக்கி அச்சடித்திருந்தார்கள். கீழுதட்டில் இடது ஓரம் ஒரு சின்னத் தழும்பு. ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது வந்தது. ரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு ஓடியவரே சிகாமணிதான். படத்துக்குக் கீழே நாலு வரி: பிப்ரவரி 19, பகல் 1.40. காட்சி நாலு செகண்ட். பொருந்துகிறது. சரிபார்ப்பாளர் எண் 417.

சிகாமணி அந்த எண்ணை இரண்டு முறை படித்தார்.

"யாரு மேடம் அது?" என்றார். அந்தக் குரல் அவருக்கே யாருடையதோ போல இருந்தது.

"தெரியாது. கோர்ட் கேட்டாலும் பேரைச் சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சா..." நூர்ஜஹான் வடையைப் பிட்டாள். "என்ன சார் இப்படி வேர்க்குது? உட்காருங்க, உட்காருங்க."

நானூற்றுப் பதினேழு அவருடைய எண்.

பத்தொன்பதாம் தேதி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவளைக் கைது செய்ததற்கு இரண்டு நாள் முன்பு. செவ்வந்தி அன்று சாப்பிட வந்திருந்தாள். பெரியவர் போனதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை என்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவர், திரை தெரியாதபடி டேப்லெட்டைச் சாய்த்துக்கொண்டு, அன்றைய இருநூறு வாய்களை முடித்துக்கொண்டிருந்தார். "அப்பா, நான் பேசும்போது கண்ணைப் பாருங்கப்பா. சின்ன வயசிலேர்ந்து வாயையே பார்க்கறீங்க" என்று அவள் சலித்துக்கொண்டாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பச்சையைத் தொட்டிருக்கிறார். மூன்றடி தூரத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்த அதே வாயை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நூர்ஜஹானிடம் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஏழு வருடம் என்ற நினைப்பு வந்ததும், டீ ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பெற்ற மகள் ஜெயிலில் கிடக்கும்போதும் தன் தோலைப் பற்றி யோசிக்கிறோமே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். அப்படியும் பயம் போகவில்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் அது நடந்தது. வாய் நிறைய நுரை. மனசு எங்கேயோ. அவருடைய வாய் தானாகவே பேசியது, பழைய வில்லன் குரலில், அடித்தொண்டையிலிருந்து: "ஆடாம கிட. உன் மூச்சு இப்ப என் கையில."

பிரஷ் வாஷ்பேசினில் விழுந்தது.

"புளியோதரை!" என்று கத்தினார் சிகாமணி.

அது ஒரு நடிகருக்கு வைத்த பட்டப்பெயர். நிஜப் பெயர் ஃபுல்வியோ தெர்ரானி. இத்தாலிக்காரர். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சேட்டிலைட் சேனல் பழைய இத்தாலியப் போலீஸ் தொடர் ஒன்றை மலிவாக வாங்கிவந்து தமிழில் விட்டது. அதில் தாதாவாக வருகிறவர் ஃபுல்வியோ. முன்னூற்றுப் பன்னிரண்டு எபிசோடுக்கும் அவருக்குக் குரல் கொடுத்தது சிகாமணி. ஃபுல்வியோ என்ற பெயர் தியேட்டரில் யார் வாயிலும் நுழையாமல், இரண்டாம் நாளே புளியோதரை ஆகிவிட்டது.

ஃபுல்வியோவும் டப்பிங்காரர்தான் என்று சிகாமணிக்குத் தெரிந்தபோது ஏதோ சொந்தக்காரர் கிடைத்ததைப் போல இருந்தது. டேப்போடு ஒரு பேட்டியும் வந்திருந்தது. துறைமுக ஊரில் லாரியில் மீன் ஏற்றுகிறவர் வீட்டுப் பிள்ளை. நாடகம் என்று கிளம்பி ரோமுக்கு வந்தார். முகத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்ததால் வில்லன் வேஷமே கிடைத்தது. காலையில் ஷூட்டிங், மத்தியானம் டப்பிங். வெளிநாட்டுப் படங்களின் குதிரை வீரர்களுக்கும் வாள் வீரர்களுக்கும் இத்தாலியில் அவர்தான் குரல். கடைசியில் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், குரல் தெரிந்தவர்கள் நாடு முழுக்க என்று ஆனது. அந்தக் காலத்தில் அங்கே படப்பிடிப்பில் சத்தத்தைக் கண்டுகொள்ள மாட்டார்கள், எல்லாம் பிறகு தியேட்டரில் சேர்ப்பதுதான். அதனால் ஃபுல்வியோ வசனத்தை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டார். கேமராவுக்கு முன்னால் எண்களைச் சொல்லுவார். கண்ணில் கொலைவெறி, வாயில் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு டப்பிங்கில் தானே வந்து தன் வாய்க்கு வசனம் பொருத்திவிடுவார். "என் உதடு நிஜமாக என்ன சொன்னது என்று யார் கேட்கப்போகிறார்கள்?" என்று பேட்டியில் சிரித்தார்.

சென்னைக்கு வந்த டேப்புகளில் ஒன்று மாறி வந்துவிட்டது. இத்தாலிய டப்பிங் ஏறாத, படப்பிடிப்புத் தளத்துச் சத்தமே இருந்த பிரதி. கீழே கிடக்கும் ஒருவனின் நெஞ்சின் மேல் கையை ஊன்றி, தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி புளியோதரை உறுமுகிறார்: "ஊனோ, தூயே, த்ரே, க்வாத்ரோ..." தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. சிகாமணி அதைத் திரையோடு செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டார். பேப்பரில் எழுதியிருந்த வசனம் "உன்னுடைய உயிர் இப்போது என்னுடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்பது. அந்த வாயில் அவ்வளவு நீளம் ஏறாது. சிகாமணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எண்களின் அதே தாளத்தில், இடைவெளி பிசகாமல், தானே ஒன்றைப் போட்டார். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வாக்கியம் எந்தத் தாளிலும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான். இப்போது அது மகளின் வாயில் இருக்கிறது.

மத்தியானம் நூர்ஜஹானின் ஆபீசில், அந்தச் செல்போன் படத்தைப் போட்டு வைத்திருந்த பழைய பென் டிரைவை மேஜை மேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நானூற்றுப் பதினேழையும் சொன்னார். அவள் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"புரியற மாதிரி சொல்லுங்க சார். வேற யாரோ இத்தாலிக்காரன் எண்ணினது எப்படி உங்க பொண்ணு வாய்க்கு வந்துச்சு?"

"மெஷினுக்கு உதடு படிக்கக் கத்துக்கொடுக்கணும்னா, வாயும் வேணும், அந்த வாய் பேசின தமிழும் வேணும்ல மேடம்? சேனல்காரங்க பழைய சரக்கை எல்லாம் மொத்தமா வித்தாங்க. பூரா டப்பிங். வாய் பேசினது ஒண்ணு, நாங்க பேசினது ஒண்ணு. மெஷினுக்கு அது தெரியாது. இந்த வாய்க்கு இந்தத் தமிழ்னு கத்துக்கிச்சு."

"ஆனா இத்தாலி எண்ணும் நம்ம எண்ணும் வேறல்ல?"

"வேறதான். ஆனா எண்ணும்போது யார் வாயா இருந்தாலும் ஒரே அளவாத்தான் திறந்து மூடும். ஏத்த இறக்கம் இருக்காது. தோளு வேற அதே மாதிரி குலுங்குது. அந்த மாதிரி வாயை மெஷின் வேற எங்க பார்த்திருக்கும்? புளியோதரைகிட்டதான் பார்த்திருக்கும். நான் போட்ட வசனத்தை எடுத்துக் கொடுத்திடுச்சு."

"சரி, மெஷினுக்குத் தெரியல. உங்களுக்குமா தெரியல?"

சிகாமணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க தொழில்ல ஒரே ஒரு கேள்விதான் மேடம். ஒட்டுதா, ஒட்டலையா. வாய் மூடற இடத்துல மூடுதா, திறக்கற இடத்துல திறக்குதா. அவன் நிஜமா என்ன சொன்னான்னு பார்த்தா நாங்க வேலையே செய்ய முடியாது. அதே பழக்கத்துல உட்கார்ந்துட்டேன். என்னை மாதிரி நானூறு பேருக்கு மேல உட்கார்ந்திருக்கோம். ஒட்டுச்சு, பச்சையைத் தொட்டேன்."

நூர்ஜஹான் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"சார், நீங்க கூண்டுல ஏறினா செவ்வந்தி வெளிய வர வாய்ப்பு இருக்கு. ஆனா நீங்க உள்ள போவீங்க. அதுமட்டுமில்ல. நீங்க பச்சை காட்டின ஒவ்வொரு கேஸையும் தோண்டுவாங்க. அந்த ஜனங்களோட அப்பா அம்மா எல்லாம் உங்க வாசல்ல வந்து நிப்பாங்க."

"நான் பயந்தாங்கொள்ளி மேடம்" என்றார் சிகாமணி. கண்ணீர் வந்துவிட்டது. "ஆனா வீட்டுக்குப் போனா அந்த மேஜை இருக்கு. அதுக்கு எதிர்ல உட்கார முடியல."

அடுத்த வாய்தாவில் வாய்மை நிறுவனத்திலிருந்து பிரணவ் என்ற நிபுணர் வந்திருந்தார். நல்ல படிப்பு, நல்ல சட்டை. நூர்ஜஹான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்க மெஷினுக்குக் கத்துக்கொடுத்த படங்கள்ல, வாயும் குரலும் ஒரே ஆளோடது, ஒரே நேரத்துல பதிவானது எத்தனை சதவீதம்?"

"மேடம், தமிழ்ல சினிமாவே பிற்பாடு டப் பண்றதுதானே. அதுலதான் முகம் பெரிசா கிடைக்கும், சத்தம் சுத்தமா இருக்கும்" என்றார் பிரணவ். அதில் ஏதும் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. "அதுக்குத்தான் மனுஷங்களை வெச்சுச் சரிபார்க்கறோம்."

"அந்த மனுஷரைக் கூப்பிடறேன்" என்றாள் நூர்ஜஹான்.

கூண்டு மூன்று படி உயரம். சிகாமணிக்கு முப்பது மாடி ஏறுவதைப் போல மூச்சு வாங்கியது. "நான் நானூத்திப் பதினேழு" என்று அவர் சொன்னதும் அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். ரகசியச் சட்டம் என்றார், கைது என்றார், பெற்ற தகப்பன் சாட்சி செல்லாது என்றார். நீதிபதியம்மா கையை உயர்த்தி அவரை உட்காரவைத்தார். கண்ணாடிக்குப் பின்னால் செவ்வந்தியின் முகத்தைப் பார்க்க சிகாமணிக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் பென் டிரைவைப் போட்டார்கள். புளியோதரை எண்ணினார். அதே படத்தைச் சத்தமில்லாமல் வாய்மைக்குக் காட்டினார்கள். மெஷின் ஒரு நொடிகூடத் தயங்காமல் எழுதியது: ஆடாம கிட, உன் மூச்சு இப்ப என் கையில. கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது.

"இது அவங்க கத்துக்கிட்ட படம். பழைய படத்தைத் திருப்பிச் சொல்லுது, அவ்வளவுதான். இந்தப் பொண்ணோட படத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அரசு வக்கீல். கேட்டது நியாயம்தான்.

"அம்மா, ஒரு மைக் கிடைக்குமா?" என்றார் சிகாமணி.

செவ்வந்தியின் நாலு செகண்ட் திரையில் ஓடியது. மறுபடி மறுபடி ஓடவிட்டார்கள். சிகாமணி ஒருமுறை பார்த்தார், இரண்டாம் முறை உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார். மூன்றாம் முறை மைக்கில் பேசினார். "பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு..." பொருந்தியது. மகள் கண்ணெதிரே எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றில், "ஆடாம கிட. உன் மூச்சு இப்ப என் கையில." அதுவும் பொருந்தியது. கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த சுற்றில் அதே மூச்சில், "இட்லிக்கு மாவு இல்ல, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்." அதுவும் அச்சாகப் பொருந்தியது. சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வக்கீல் தன்னையறியாமல் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"எது உண்மை?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

"படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதும்மா. எனக்கும் முடியாது, எந்த மெஷினுக்கும் முடியாது. எல்லாமே ஒட்டும்."

"அப்படின்னா நீங்க ஏன் சரின்னு போட்டீங்க?"

"ஒட்டுதான்னு கேட்டாங்கம்மா. ஒட்டுச்சு."

"இது மாதிரி எத்தனை போட்டிருப்பீங்க?"

சிகாமணி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு இருநூறும்மா. மூணு வருஷமா." நீதிபதியம்மா பேனாவைக் கீழே வைத்தார். தான் கையெழுத்துப் போட்ட தீர்ப்புகள் அவர் கண்முன் வந்தனவோ என்னவோ, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய்மையின் சான்றிதழ் இந்த வழக்கில் செல்லாது என்றும், செவ்வந்திக்கு ஜாமீன் என்றும் உத்தரவு வந்தது. சிகாமணி ஊரைவிட்டுப் போகக்கூடாது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காவல் ஆணையர் அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். இதற்குள் செய்தி வெளியே போய்விட்டது. வராந்தாவில் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். ஓர் அம்மாள் கையில் ஒரு பையனின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க அந்த நானூத்திப் பதினேழு?" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சிகாமணி தூண் மறைவில் ஒதுங்கி நின்றார்.

பக்கத்துக் கதவு திறந்து செவ்வந்தி வந்தாள். மெலிந்திருந்தாள். நேரே அவரிடம் வந்து நின்றாள். பழக்கதோஷம், அவர் கண் முதலில் அவள் வாய்க்குத்தான் போனது. கீழுதட்டில், இடது ஓரத்தில், அந்தத் தழும்பு. பிறகு மிகவும் கஷ்டப்பட்டுக் கண்ணை உயர்த்தி அவள் கண்ணைப் பார்த்தார்.

"முப்பது வரைக்கும் எண்ணணும்ப்பா" என்றாள் அவள். குரல் கரகரத்தது. "முப்பது அழுத்து, ரெண்டு மூச்சு. மறுபடி ஒண்ணுலேர்ந்து. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள பதினாலு ரவுண்டு எண்ணினேன். விலா உடையற சத்தம் எனக்கே கேட்டுச்சு. கை மரத்துப்போச்சு. அப்பவும் நிறுத்தல. நீங்க எவ்வளவு நேரம்ப்பா பார்த்தீங்க?"

நாலு செகண்ட் என்று சொல்ல வேண்டும். அதுகூட உண்மை இல்லை. இரண்டாவது செகண்டிலேயே அவர் விரல் பச்சைக்குப் போயிருக்கும், அவ்வளவு வேகம் அவருக்கு. சிகாமணி வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முப்பது வருடம் யார் யாருக்கோ குரல் கொடுத்தவருக்குத் தன் வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. தூணுக்கு மேலே கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது.

செவ்வந்தி அதை நிமிர்ந்து பார்த்தாள். போட்டோவோடு நின்ற அம்மாளைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அப்பாவின் வாயைப் பொத்தினாள்.

கேமராவுக்குத் தப்பட்டும் என்று பொத்தினாளா, இனிமேல் பேசாதே என்று பொத்தினாளா? இந்த முறை சிகாமணி எதையும் அந்தக் கைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவளாகச் சொல்லட்டும் என்று நின்றார்.